எழுதாமல் விட்ட ஓட்டம்

மேல்தளத்தை மூன்றாவது முறை அளந்து முடித்தபோது ரேடியோவுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது.

"அத்தான், மூணு தடவையும் அதே அளவுதான். இன்னொரு தடவை அளந்தா, சட்டை தைக்க வந்திருக்கோம்னு இந்தக் கப்பலே நினைச்சுக்கும்."

அத்தான் கையிலிருந்த நிஜக் கப்பலின் புகைப்படத்தையும், மரத் தாங்கியில் உட்கார்ந்திருந்த மஞ்சள் கப்பலையும் மாறி மாறிப் பார்த்தார். கப்பல் என்றால் ஆள் ஏறும் கப்பல் இல்லை. இரண்டு ஆள் நீளத்தில் மரத்தில் இழைத்துச் செய்த மாதிரி. நிஜக் கப்பலைக் கட்டுவதற்கு முன்னால் இப்படி ஒன்றைச் செய்து, கூரைக்குக் கீழே கட்டிய நீண்ட குளத்தில் மிதக்கவிட்டு, இயந்திரத்தால் அலை எழுப்பி, தாங்குமா கவிழுமா என்று பார்ப்பதுதான் இந்தக் கூடத்தின் வேலை.

ரேடியோ என்பது ஊர் வைத்த பெயர். ஏன் வைத்தது என்பது அவனோடு ஐந்து நிமிடம் இருந்தால் விளங்கிவிடும். அவனுடைய அக்காவைக் கட்டிக்கொண்டவர் இருபது வருடம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். ஒற்றைக் கண்ணில் கண்ணாடி மாட்டிய பழக்கம் வீணாகக் கூடாது என்று துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார். இன்னமும் எல்லோருக்கும் அவர் கடிகாரக்காரர்தான். சம்பளம் வாங்காத உதவியாளனாக மச்சினன் ஒட்டிக்கொண்டான்.

எட்டு மாதத்துக்கு முன்னால், கரைக்கும் எதிரேயிருந்த தீவுக்கும் நடுவே ஓடிய, இந்த மஞ்சள் மாதிரியைப் பார்த்துக் கட்டிய பயணிகள் கப்பல், பெரிய புயல் எதுவும் இல்லாத ஒரு காலையில் திரும்பும்போது அப்படியே சாய்ந்து கவிழ்ந்தது. பத்துப் பேர் போய்விட்டார்கள். கேப்டனும் அதில் ஒருவர். 'கப்பலில் குற்றமில்லை, சோதனைக் கூடத்தில் தேறிய கப்பல், கேப்டன் திருப்பிய விதம்தான் தவறு' என்று விசாரணைக் குழு ஏறக்குறைய முடிவு கட்டிவிட்டது. கடைசி அமர்வு இன்று மூன்று மணிக்கு. அதற்குள் வேறு ஆதாரம் வராவிட்டால், செத்துப்போனவன் தலையில் ஒன்பது உயிர்ப் பழி நிரந்தரமாக ஏறிவிடும்.

அந்தக் கேப்டனின் அக்காதான் இவர்களைக் கூப்பிட்டவள். இதே கூடத்தில் பத்தொன்பது வருடமாக மாதிரிக் கப்பல்களுக்குள் எடைக்கட்டிகளைப் பொருத்துபவள். எடையக்கா என்றால்தான் இங்கே தெரியும்.

"சரியா இருக்கா?" என்று கேட்டபடி அவள் கிட்டே வந்தாள். கேட்கும்போதே பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

"சரியாத்தான் இருக்கும்மா," என்றார் கடிகாரக்காரர். "கட்டும்போது மேல்தளத்தை உசத்திட்டாங்கன்னு நீங்க சந்தேகப்பட்டீங்க. ஒரு விரல்கூட உசத்தல. இங்க ஓட்டின கப்பலும் அங்க முழுகின கப்பலும் ஒண்ணுதான்."

எடையக்கா கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "எங்க சோதனை தப்பா இருக்காது சார். என் தம்பியும் தப்பு பண்ணியிருக்க மாட்டான். அவன் சைக்கிள் ஓட்டும்போதே கை காட்டிட்டுத் திரும்பற பையன். அம்மா போனப்ப அவனுக்கு ஆறு வயசு. நான்தான் குளிப்பாட்டி வளர்த்தேன். எனக்குத் தெரியாதா?"

இந்த மாதிரி நேரத்தில் எதையாவது உளறி நிலைமையைச் சமாளிப்பது ரேடியோவின் வழக்கம். இன்று அவன் அளவு நாடாவைச் சுருட்டுவதிலேயே இருந்தான்.

"அக்கா! தண்ணி!" என்று குளத்துப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

அவள் போனாள். இவர்களும் பின்னால் போனார்கள். குளம், தண்ணீர் நிரப்பிய நீளமான நடைபாதை மாதிரி இருந்தது. ஒரு முனையில் அலை எழுப்பும் இரும்புப் பலகை. மறுமுனையில் அலையை உடைத்து அடக்கும் சரிவு. இரண்டு கரையிலும் தண்டவாளம், அதன்மேல் குளத்தின் குறுக்கே போட்ட, நீளவாக்கில் நகரும் ஒரு பாலம். பாலத்துக்கு அடியில் வேறொரு கப்பல், நீல நிறத்தில், தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

எடையக்கா கரையில் மண்டி போட்டு, கன்னம் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தாள். கூரைக் குழல்விளக்கின் பிம்பம் தண்ணீரில் நேர்க்கோடாக நிற்கிறதா என்று பார்த்தாள்.

"தூங்கல," என்றாள்.

எல்லோரும் சும்மா நின்றார்கள். ஐந்து நிமிடம் போயிற்று. மறுபடி குனிந்தாள்.

"தூங்கிடுச்சு."

அதற்குப் பிறகுதான் பட்டன் அழுந்தியது, பலகை அசைந்தது, அலை கிளம்பியது.

"எங்க வீட்டுல ஒரு குட்டிப் பிசாசு இருக்கு, அதையும் வந்து தூங்க வைக்கிறீங்களா அக்கா?" என்றான் ரேடியோ.

எட்டு மாதமாக அவள் சிரித்திருக்க மாட்டாள். லேசாக உதடு விரிந்தது. "ஒரு ஓட்டம் முடிஞ்சா தண்ணி அடங்க இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும் தம்பி. மேல பார்த்தா அடங்கின மாதிரிதான் தெரியும், ஆனா உள்ளுக்குள்ள ஊசலாடிட்டே இருக்கும். அது மேல புது அலையை விட்டா, பழைய அலையும் சேர்ந்து நல்ல கப்பலையும் கவுத்துடும். அந்த ஓட்டம் செல்லாது."

"தூங்கிடுச்சுன்னு யார் முடிவு பண்றது?" என்றார் கடிகாரக்காரர்.

"நான்தான். நான் சொல்ற வரைக்கும் பெரிய இன்ஜினியரே பட்டனைத் தொடமாட்டார்."

கடிகாரக்காரர் கொஞ்ச நேரம் அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த மஞ்சள் கப்பலை ஓட்டிய நாளின் பதிவுப் புத்தகம் கிடைக்குமா என்று கேட்டார். மூன்று வருடத்துக்கு முந்தைய புத்தகம். அலமாரியைக் காட்டிவிட்டு அவள் வேலைக்குத் திரும்பினாள்.

புத்தகத்தை ரேடியோதான் புரட்டினான். அவன் எதிர்பார்த்தது அலை உயரம், சாய்வு, அது இது என்று தலை சுற்றும் எண்கள். எல்லாமே இருந்தன. அத்தானோ ஓரத்திலிருந்த நேரத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டு போனார்.

"படி."

"முதல் ஓட்டம் எட்டரை. ரெண்டாவது எட்டு அம்பத்தஞ்சு. மூணு, ஒம்போது இருபது. நாலு, ஒம்போதே முக்கால். அஞ்சு, பத்து பத்து. ஆறு, பத்து முப்பத்தஞ்சு. ஏழு, பன்னிரண்டே முக்கால்."

"நிறுத்து. கடிகாரம் எங்க நின்னுச்சு?"

ரேடியோ மறுபடி பார்த்தான். "ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல ரெண்டு மணி பத்து நிமிஷம். டீ குடிக்கப் போயிருப்பாங்க."

"டீத்தூளைச் செடியிலேர்ந்து பறிச்சு எடுத்துட்டு வந்தாங்களா?"

"கரண்ட் போயிருக்கும்."

"முந்தின பக்கத்தைப் பாரு."

முந்தின பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'மின்தடை, பதினைந்து நிமிடம்.' அதற்கும் முந்தின பக்கத்தில்: 'கூடத்துக்குள் புறா. விரட்ட ஒன்பது நிமிடம்.'

"புறாவுக்கே கணக்கு எழுதற புத்தகம்," என்றார் அத்தான். "ரெண்டு மணி பத்து நிமிஷத்துக்கு ஒரு வரி இல்ல. இருபத்தஞ்சு நிமிஷத்துல தண்ணி அடங்கியிருக்கும். அப்புறம் ஒரு ஓட்டம் நடந்திருக்கு. அந்த ஓட்டத்துல கப்பல் முழுகியிருக்கு. வெளியே எடுத்து, தண்ணியை வடிச்சு, துடைச்சு, காய வெச்சு, எடையை மறுபடி சரிபார்க்கத்தான் அவ்வளவு நேரம்."

பதினோரு நாளாக அலைந்து இப்போதுதான் ஒரு நூல் கையில் அகப்பட்டிருக்கிறது. அத்தான் எழுந்திருப்பதற்குள் ரேடியோ பாதி மாடிப்படி ஏறிவிட்டான்.

பெரிய இன்ஜினியரின் அறை மாடியில். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன் வழியாகக் குளம் மொத்தமும் தெரியும். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர். புத்தகத்தைப் பார்த்ததுமே அவருக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

"யாருக்காக சார் மறைச்சீங்க?" ரேடியோ குரலை உயர்த்தினான். "கப்பல் கவுந்துச்சுல்ல? அதை எழுதாம விட்டு, பத்துப் பேரைக் கடல்ல..."

"மறைக்கல," என்றார் அவர். "கணக்குலேர்ந்து அடிச்சுட்டேன். செல்லாத ஓட்டத்தைப் புத்தகத்துல ஏத்தக் கூடாதுங்கறது இங்க வழக்கம்."

"செல்லாதுன்னு யார் சொன்னது?"

அவர் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். எடையக்கா கரையில் மண்டியிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேடியோவுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது, கேட்காமல் இருந்திருக்கலாமே என்று இருந்தது.

"கப்பல் குப்புற விழுந்துச்சு," என்றார் இன்ஜினியர். "நாங்க எல்லாரும் பேயடிச்ச மாதிரி நின்னோம். அவதான் ஓடி வந்தா. 'சார், நான் அவசரப்பட்டுட்டேன். தண்ணி தூங்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். என் தப்பு. இதைக் கணக்குல சேர்க்காதீங்க'ன்னா. அதுவரைக்கும் பதினாறு வருஷத்துல அவ ஒரு தடவைகூடத் தப்பா சொன்னதில்ல. தண்ணி விஷயத்துல அவ பேச்சுக்கு இங்க அப்பீல் கிடையாது. அடிச்சுட்டேன். மறுபடி ஓட்டினோம், கப்பல் தேறிடுச்சு."

"ஒரு தடவை ஓட்டினாப் போதுமா?" என்றார் கடிகாரக்காரர்.

"ஒரு தடவை நிஜமாவே கவுந்தா, அதே ஓட்டத்தைப் பத்து தடவை ஓட்டிப் பார்க்கணும்னு விதி. அலை ஒண்ணா இருந்தாலும் கப்பல் அதைச் சந்திக்கிற நேரம் கொஞ்சம் மாறினா தப்பிச்சிடும். செல்லாத ஓட்டம்னா ஒரு தடவை போதும்."

ரேடியோ நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். தண்ணீர் அடங்காமல் ஓட்டியது என்றால் அந்த ஓட்டம் நிஜமாகவே செல்லாது. கப்பல் நல்ல கப்பல். தவறு மறுபடி கேப்டனிடமே வந்து நின்றது. பிடித்த நூல் கையிலேயே அறுந்துவிட்டது.

"தண்ணி தூங்கலன்னு அவங்க சொன்னாங்க. சரி," என்றார் கடிகாரக்காரர் மெதுவாக. "தண்ணி என்ன சொல்லுச்சு?"

இன்ஜினியர் புத்தகத்தை மூடிக் கடிகாரக்காரர் பக்கம் தள்ளினார்.

"குளத்தோரமா ஒரு கம்பி தண்ணிக்குள்ள இறங்கியிருக்கு. அது மேல ஒரு பழைய பேனா ஊசிக் கருவி, காகிதச் சுருள்ல கோடு போட்டுக்கிட்டே இருக்கு. வேலை நேரம் பூரா அதை நிறுத்தறதில்லன்னு கீழே சொன்னாங்க. புத்தகத்தை மனுஷங்க எழுதறாங்க. சுருள் யாருக்காகவும் எழுதறதில்ல. அந்த நாளோட சுருள் மட்டும் அலமாரியில இல்ல சார்."

இன்ஜினியர் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் வளையம் போட்ட சுருள் மேலாகவே இருந்தது. அடிக்கடி எடுத்துப் பார்த்திருக்கிறார் என்பது அதன் ஓரம் கசங்கியிருந்ததிலேயே தெரிந்தது.

"கப்பல் முழுகின மறுநாள் எடுத்துட்டு வந்து வெச்சேன்," என்றார். "கிழிச்சுப் போட மனசு வரல. காட்டவும் மனசு வரல."

மேஜையில் பிரித்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் அச்சாகியிருந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஊசி எகிறிக் குதித்து, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, லேசாக நடுங்கும் கோடாக ஆகி, அடுத்த ஓட்டத்தில் மறுபடி எகிறியிருந்தது. ஆறாவது ஓட்டத்துக்குப் பிறகு கோடு அடங்கியது. பதினோரு மணிக்கு அது நேர்க்கோடு. ஆனாலும் ஓட்டம் தொடங்கவில்லை. பதினொன்று நாலு வரை நடுக்கமே இல்லாமல், ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஓடி, அதற்குப் பிறகுதான் எகிறியிருந்தது.

"மத்த ஓட்டத்துக்கெல்லாம் இருபத்தஞ்சு நிமிஷம்," என்றார் கடிகாரக்காரர். "இதுக்கு இருபத்தொன்பது. அன்னைக்கு நாள் பூரா தண்ணி இவ்வளவு அசந்து தூங்கினது இந்த ஒரு ஓட்டத்துக்கு முன்னாடிதான்."

"அப்போ ஏன் அப்படிச் சொன்னாங்க?" என்றான் ரேடியோ.

இன்ஜினியர் கண்ணாடிச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த வாரம்தான் அவ தம்பிக்கு உத்தரவு வந்திருந்தது. இந்தக் கப்பல் கட்டி முடிஞ்சதும் அவர்தான் கேப்டன்னு. கூடம் பூரா மிட்டாய் கொடுத்தா. தம்பி கப்பல், தம்பி கப்பல்னு அதைத் துடைச்சுத் துடைச்சு வெச்சா. அது கவுந்ததை அவளால நம்ப முடியல."

ரேடியோவுக்குத் தன் அக்கா ஞாபகம் வந்தது. சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஜன்னலை அவன் உடைத்தபோது, நான்தான் உடைத்தேன் என்று போய் நின்று அடி வாங்கியவள் அவனுடைய அக்கா. தம்பியின் பொருளில் குற்றம் என்றால் முதலில் தன் தலையை நீட்டிவிடுவது அக்காக்களுக்கு ஒரு வியாதி போலிருக்கிறது. யோசித்தெல்லாம் செய்வதில்லை.

"அத்தான், அவங்களுக்குத் தெரிய வேண்டாம்," என்றான். "சுருளைக் குழுகிட்ட கொடுப்போம். சார் அடிச்சார்னு சொல்லிடுவோம். கேப்டன் மேல இருக்கிற பழியும் போயிடும். முடிஞ்சுது."

"நான் ஒத்துக்கறேன்," என்றார் இன்ஜினியர் அவசரமாக. "அந்தப் பக்கத்துல கையெழுத்து என்னோடதுதானே? எட்டு மாசமா இதைப் பூட்டி வெச்சது நான்தானே?"

கடிகாரக்காரர் சுருளைச் சுற்றினார். "ஏன் அடிச்சீங்கங்கறதுதான் அங்க கேக்கப்போற முதல் கேள்வி. அன்னைக்குக் கூடத்துல இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. பத்துக் குடும்பமும் உட்கார்ந்திருக்கிற இடத்துல அந்தம்மா முதல் தடவையா இதைக் கேக்கணுமா? இங்கயே கேக்கட்டும்."

மணி ஒன்றரை.

கீழே அவள் கை துடைத்துக்கொண்டிருந்தாள். கடிகாரக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. வேலை மேஜையில் சுருளைப் பிரித்து, இரண்டு ஓரத்திலும் எடைக்கட்டி வைத்தார். அவ்வளவுதான். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தேதியைப் பார்த்தாள். விரல் ஆறாவது ஓட்டத்தைத் தாண்டியது, நேர்க்கோட்டில் ஏறியது, பதினொன்று நாலில் நின்றது.

"இருபத்தொன்பது நிமிஷம்," என்றாள். பிறகு, "தூங்கித்தான் இருந்திருக்கு."

விரலை எடுக்கவில்லை.

"நான் பொய் சொல்லணும்னு சொல்லல சார். கப்பல் விழுந்ததும் எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தோணுச்சு, தம்பி கப்பல் கவுழாதுன்னு. அப்போ தப்பு வேற எங்கயோ இருக்கணும்ல? தேடிப் பார்த்தேன். நான்தான் பக்கத்துல நின்னேன். நான் அவசரப்பட்டிருப்பேன்னு நினைச்சேன். நினைக்க நினைக்க அது நிஜமாவே ஆயிடுச்சு. வீட்டுக்குப் போற வழியில, நல்லவேளை தப்பு நம்ம மேலன்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான் ரேடியோ. அவள் உட்காரவில்லை.

"இதைக் காட்டினா அவன் மேல பழி போயிடுமா?"

"போயிடும்மா," என்றார் கடிகாரக்காரர். "யார் திருப்பியிருந்தாலும் அந்தக் கப்பல் என்னைக்காவது ஒரு நாள் கவுந்திருக்கும்."

"அப்போ நானே சொல்றேன். நடந்தது நடந்தபடி. சார், நீங்களும் வாங்க. பூட்டி வெச்சதை நீங்க சொல்லுங்க, அடிக்கச் சொன்னதை நான் சொல்றேன்."

பின்னாலேயே இறங்கி வந்திருந்த இன்ஜினியர் தலையாட்டினார். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு மணிக்குக் கேப்டனின் மனைவி வந்தாள். நாத்தனாரோடு சேர்ந்து விசாரணைக்குப் போவதாக ஏற்பாடு. மார்போடு ஒரு ஃபைலை அணைத்துப் பிடித்தபடி, எல்லோர் முகத்தையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

எடையக்கா நேராக அவளிடம் போனாள். சுற்றி வளைக்கவில்லை. "அவன் மேல தப்பில்லம்மா. கப்பல்தான் கெட்ட கப்பல். இந்தத் தண்ணி அன்னைக்கே சொல்லுச்சு. நான்தான் நம்பாம, என் தப்புன்னு சொல்லி அடிக்க வெச்சேன். நான் அன்னைக்கு வாயை மூடிட்டு இருந்திருந்தா இவங்க பத்து தடவை ஓட்டிப் பார்த்திருப்பாங்க. அந்தக் கப்பலைக் கட்டியே இருக்க மாட்டாங்க."

கேப்டனின் மனைவிக்கு அது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. குளத்தின் மறுமுனையில் கடைசி அலை சரிவில் ஏறி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"புதுசுல ரெண்டு தடவை வந்து சொன்னார் அண்ணி," என்றாள் அவள் கடைசியில். "திரும்பும்போது கப்பல் ஒரு மாதிரி சாயுது, நிமிர யோசிக்குதுன்னு. எனக்கு பயமாயிடுச்சு. வேற கப்பல் கேளுங்கன்னு சண்டை போட்டேன். சிரிச்சார். 'எங்க அக்கா பார்த்து அனுப்பின கப்பல்டி, ஒண்ணும் ஆகாது'ன்னார்."

எடையக்கா திரும்பி வந்து மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ரேடியோ தாங்க ஓடினான். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

பிறகு நிமிர்ந்து, சுருளை எடுத்து ரப்பர் வளையத்தைப் போட்டாள்.

"மணியாச்சு. போலாம்," என்றாள். "நான் பேசி முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கோ. அதுக்கப்புறம் அத்தனை பேர் முன்னாலயும் என்னைத் திட்டு. காறித் துப்பணும்னாலும் துப்பு. நான் எங்கேயும் போயிட மாட்டேன்."

கேப்டனின் மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அவள் கிட்டே வரவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை.

"எங்க போவீங்க அண்ணி? உங்களை விட்டா எனக்குத் திட்டக்கூட ஆளில்ல," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.